சிங்கம் மாத்திரைக்குள் போகாது

ஒரு காகிதத்தில் 12 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் ஒரு சிங்கம் வரைய வேண்டும். வெறும் சிங்கத் தலை போதாது. பிடரி மயிர், முறுக்கிய வால், நகம், எல்லாம் தெரியவேண்டும். முன்னங்காலில் அது ஓர் இரும்புக் கம்பித் தட்டியைப் பிடித்திருக்க வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. பேனா, பென்சில் கூடாது. வெள்ளைப் பொடியை அழுத்தி, அந்தப் பொடியிலேயே சிங்கம் பதிய வேண்டும்.

"நடக்கிற காரியமா?" என்று கேட்பீர்கள். நடக்காதுதான். ஆனால் பேயர் என்ற ஜெர்மன் மருந்துக் கம்பெனியின் பழைய லோகோவில் இருந்தது அப்படிப்பட்ட சிங்கம்தான். இன்று அந்தக் கம்பெனியின் மாத்திரையில் சிங்கம் இல்லை. ஐந்தே எழுத்து, ஒரு குறுக்கு, சுற்றி ஒரு வட்டம். அவ்வளவுதான்.

சிங்கம் எப்படி எழுத்தானது? யாரோ ஓர் ஓவியர் உட்கார்ந்து, "இது இன்னும் அழகாக இருக்கும்" என்று மாற்றிய கதை என்றுதான் எல்லோரும் நினைப்போம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொடியும், பல்பும், நம் கண்ணும் சேர்ந்துதான் ஒரு லோகோவைச் செதுக்குகின்றன. எப்படி என்று பார்ப்போம்.

பேயர் ஆரம்பத்தில் மருந்துக் கம்பெனியே இல்லை. 1863 ஆகஸ்ட் 1 அன்று, வுப்பர் ஆற்றங்கரையில் பார்மென் என்ற ஊரில் இரண்டு பேர் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். ஃப்ரீட்ரிஷ் பேயர் சாய வியாபாரி. யோஹான் வெஸ்கோட் துணிக்குச் சாயம் ஏற்றுவதில் கைதேர்ந்தவர். செடிகொடிகளிலிருந்து சாயம் எடுத்த காலம் மாறி, நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சாயம் செய்யலாம் என்று வேதியியலாளர்கள் கண்டுபிடித்திருந்த நேரம் அது. இருவரும் வீட்டுச் சமையலறை அடுப்பில் காய்ச்சிப் பார்த்துத்தான் தொழில் கற்றார்கள். (நீங்கள் இதை முயற்சி செய்ய வேண்டாம். வீட்டில் அம்மா, அப்பா இருவருமே சும்மா விடமாட்டார்கள்.)

1881-இல் அது பெரிய பங்குக் கம்பெனியானது. அந்தக் காலத்தில்தான் சிங்கம் லோகோவில் ஏறியது. பார்மெனுக்கு அடுத்த ஊர் எல்பர்ஃபெல்டு. அந்த ஊரின் சின்னத்தில் ஒரு சிங்கம் கம்பித் தட்டியோடு நிற்கும். சிங்கத்துக்கு எதற்குக் கம்பித் தட்டி? அது புனித லாரன்சின் அடையாளம். ரோமாபுரியில் அவரை நெருப்பின் மேல் தட்டியில் கிடத்திக் கொன்றதாகக் கிறிஸ்தவர்கள் சொல்லிவரும் கதை. ஊர்ச் சின்னத்தையே கம்பெனி எடுத்துக்கொண்டது. "நாங்கள் இந்த ஊர்க்காரர்கள்" என்று சொல்லிக்கொள்வதுதான் அன்றைய லோகோவின் வேலை.

பிறகு சாயத் தொழிற்சாலையில் மிச்சம் விழுந்த வேதிப்பொருள்களை வைத்து ஏதாவது மருந்து செய்ய முடியுமா என்று பார்த்தார்கள். 1888-இல் ஃபெனாசிட்டின் என்ற காய்ச்சல் மருந்து வந்தது. வியாபாரம் கடல் கடந்தது. 1896-இல் பம்பாயிலும் கம்பெனி திறந்தார்கள். லோகோவும் சேர்ந்து வீங்கியது! சிங்கத்துக்குச் சிறகு முளைத்தது. உலக உருண்டை வந்தது. மெர்க்குரி தேவனின் கோலும் வந்தது. இரண்டு பாம்பு பின்னிய, உச்சியில் சிறகுள்ள கோல் அது. மெர்க்குரி வியாபாரத்துக்குத் தேவன். மருத்துவத்துக்கு உரியவர் அஸ்க்லேபியஸ் என்ற கிரேக்கத் தேவன். அவர் கோலில் ஒரே ஒரு பாம்புதான், சிறகு கிடையாது. அடுத்த முறை மருந்துக்கடைப் பலகையையோ ஆஸ்பத்திரி வாசலையோ பார்க்கும்போது பாம்பை எண்ணிப் பாருங்கள். இரண்டு இருந்தால், அங்கே நிற்பது வியாபாரத் தேவன்.

இந்தச் சிறகுச் சிங்கம் பெட்டி மேல் ஒட்டுகிற பெரிய லேபிளில் கம்பீரமாகத்தான் இருந்திருக்கும். சிக்கலைக் கொண்டுவந்தது ஒரு வெள்ளைப் பொடி.

1897 ஆகஸ்டில் ஃபெலிக்ஸ் ஹோஃப்மன் என்ற பேயர் வேதியியலாளர் அசிட்டைல்சாலிசிலிக் அமிலத்தைத் தூய்மையாகத் தயாரித்தார். 1899 மார்ச் 6 அன்று அதற்கு ஆஸ்பிரின் என்ற பெயரைப் பதிவு செய்தார்கள். முதலில் அது பொடியாகத்தான் விற்றது. கண்ணாடிப் புட்டியில் போகும். மருந்துக்கடைக்காரர் அதை எடை போட்டுப் பொட்டலம் கட்டித் தருவார்.

இங்கே கொஞ்சம் யோசியுங்கள். புட்டியின் லேபிளில் சிங்கம் கர்ஜிக்கிறது. சரி. ஆனால் பொட்டலத்துக்குள் இருப்பது என்ன? வெள்ளைப் பொடி. மாவும் வெள்ளைப் பொடிதான், பொடித்த சர்க்கரையும் வெள்ளைப் பொடிதான். அசல் எது, கலப்படம் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. பொடியை அழுத்தி மாத்திரையாக்கினால் அளவு சரியாக இருக்கும். அதோடு இன்னொரு லாபம்: மருந்தின் மேலேயே முத்திரை குத்தலாம். லேபிள் கிழிந்தாலும் டப்பா மாறினாலும் முத்திரை மாத்திரையோடு போகும்.

அதற்கு ஏற்ற முத்திரை எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. 1900 வாக்கில் எல்பர்ஃபெல்டு அலுவலகத்தில் ஹான்ஸ் ஷ்னைடர் என்பவர் வேலைக்கு நடுவே கையில் கிடைத்த காகிதத்தில் கிறுக்கியபோது பிறந்தது என்பது ஒன்று. நியூயார்க் அலுவலகத்தில் இருந்த டாக்டர் ஷ்வைட்சர், டாக்டர்களும் மருந்துக்கடைக்காரர்களும் பார்த்ததும் மனதில் நிற்கிற மாதிரி சின்னதாக ஒரு முத்திரை வேண்டுமென்று யோசித்து உருவாக்கினார் என்பது மற்றொன்று. கிறுக்கலில் பிறந்த கதைதான் எனக்குப் பிடித்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்குகிறவர்களுக்கு அது ஒரு தைரியம் தரும். எது எப்படியோ, 1904-இல் அந்தக் குறுக்கெழுத்து முத்திரையைப் பதிவு செய்தார்கள். 1910 முதல் அது ஆஸ்பிரின் மாத்திரை மேலேயே பதிந்து வந்தது.

முத்திரை என்னவென்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் பேயர் என்ற பெயருக்கு ஐந்து எழுத்து: பி, ஏ, ஒய், இ, ஆர். நடுவில் ஒய். இடமிருந்து வலமாக ஒரு தடவை எழுதுங்கள். அதே ஒய் நடுவில் வரும்படி மேலிருந்து கீழாக இன்னொரு தடவை எழுதுங்கள். பத்து எழுத்து வேண்டிய இடத்தில் ஒன்பதே போதும். சுற்றி வட்டம் போடுங்கள். முடிந்தது.

இந்தத் தந்திரம் எல்லாப் பெயருக்கும் பலிக்காது. நடு எழுத்து ஒன்று வேண்டும், அதாவது எழுத்துகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். தமிழில் சிங்கம் என்று எழுதினால் சி, ங், க, ம், நாலு எழுத்து. நடு எழுத்தே கிடையாது! மரவட்டை என்றால் ம, ர, வ, ட், டை, ஐந்து எழுத்து. வ நடுவில் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் பெயருக்கு வருகிறதா பாருங்கள். புள்ளி எழுத்தையும் சேர்த்து எண்ண வேண்டும்.

வட்ட மாத்திரைக்குக் குறுக்கு வடிவம் ஏன் பொருந்துகிறது? நீளமான பெயரை ஒரே வரியில் எழுதினால் வட்டத்தின் நடுவில் ஒரு பட்டை மட்டும் நிரம்பும். மேலும் கீழும் காலியாகக் கிடக்கும். குறுக்காக எழுதினால் இரண்டு விட்டமும் பயன்படும். மாத்திரை டப்பாவிலிருந்து எப்படி உருண்டு விழுந்தாலும், எழுத்து சாய்ந்திருந்தாலும், குறுக்கு குறுக்காகத்தான் தெரியும்.

இனி மாத்திரை அழுத்தும் மெஷினுக்குள் போவோம். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

உருளை வடிவத் துளையுள்ள ஓர் எஃகுத் துண்டு இருக்கிறது. அதற்கு டை என்று பெயர். துளைக்குள் கீழிருந்து ஒரு எஃகுக் கம்பம், மேலிருந்து ஒரு எஃகுக் கம்பம் நுழையும். இவை பஞ்ச். நடுவில் பொடி விழும். இரண்டு பஞ்சும் ஒரு டன்னுக்கும் மேலான விசையோடு நெருக்கும். பொடியின் துகள்கள் நசுங்கி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பசை எதுவும் வேண்டாம். ஆஸ்பிரினோடு கொஞ்சம் சோள ஸ்டார்ச்சும் செல்லுலோஸ் பொடியும் இருக்கும். ஸ்டார்ச் தண்ணீர் பட்டதும் உப்பும். அதனால்தான் கல் மாதிரி இருக்கிற மாத்திரை வயிற்றுக்குள் போனதும் பொலபொலவென்று உடைகிறது.

லோகோ இருப்பது பஞ்சின் முகத்தில். மாத்திரையில் எழுத்து பள்ளமாக விழ வேண்டுமானால், பஞ்சில் எழுத்து மேடாக நிற்க வேண்டும். அதோடு கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருக்க வேண்டும். ஏ-யும் ஒய்-யும் தப்பித்துவிடும். அவை கண்ணாடியிலும் அப்படியேதான் தெரியும். பி, இ, ஆர் மூன்றையும் திருப்பிச் செதுக்க வேண்டும்.

அடுத்தது எழுத்துகளுக்குள் இருக்கிற அறைகள். பி-க்குள் இரண்டு மூடிய அறைகள். ஏ-க்குள் ஒன்று, ஆர்-க்குள் ஒன்று. பஞ்சில் எழுத்து மேடாக இருப்பதால், இந்த அறைகள் நாலு பக்கமும் சுவர் உள்ள குட்டிக் குழிகளாகிவிடும். பொடி அதற்குள் போய் இறுகும். பஞ்ச் மேலே எழும்பும்போது, மாத்திரையோடு இருக்க வேண்டிய அந்தத் துணுக்கு பஞ்சோடு போய்விடும். அடுத்த மாத்திரையில் அந்த இடம் சப்பையாக இருக்கும். அதற்கடுத்ததில் ஏ எழுத்தே சிதைந்திருக்கும். மாத்திரைத் தொழிலில் இதற்கு பிக்கிங் என்று பெயர். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் மாத்திரை தள்ளுகிற மெஷினில் இது பெரிய தலைவலி.

பேயர் என்ற சொல்லில் இப்படி நாலு அறைகள். குறுக்கிலும் நெடுக்கிலுமாக இரண்டு தடவை எழுதினால் எட்டு. மாத்திரைக்காரர்களைக் கேட்டால், "இதைவிடச் சங்கடமான பெயர் கிடைக்கவில்லையா?" என்றுதான் கேட்பார்கள்!

வழிகள் இருக்கின்றன. எழுத்தின் சுவரை நேராக நிறுத்தாமல் சரிவாகச் செதுக்குவார்கள். கூர்மையான மூலைகளை மழுக்குவார்கள். அறையின் ஆழத்தைக் குறைப்பார்கள். பஞ்சின் முகத்தைப் பளபளவென்று தேய்த்து, அதன்மேல் குரோமியம் பூசுவதும் உண்டு. பொடியில் மெக்னீசியம் ஸ்டியரேட் கொஞ்சம் கலப்பார்கள், அது வழுக்கும். இந்த வேலைகளையெல்லாம் ஓர் ஏ எழுத்துக்கே செய்ய வேண்டியிருக்கிறது. இப்போது சிங்கத்தின் பிடரியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மயிரிடுக்கிலும் பொடி சிக்கும்.

வீட்டில் பெரியவர்கள் மாத்திரை எடுக்கும்போது பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி, பெயரோ எழுத்தோ பதித்த மாத்திரையைப் பாருங்கள். எழுத்தின் ஓரம் சரிவாக இருப்பது தெரியும். பார்ப்பதோடு சரி. நீங்களாக எடுத்து வாயில் போடவே கூடாது. ஆஸ்பிரின் விஷயத்தில் இன்னும் கவனம்: வைரஸ் காய்ச்சலின்போது சிறுவர்களுக்கு அது ஆபத்தான பக்கவிளைவைத் தரலாம் என்பதால், டாக்டர் சொல்லாமல் உங்களுக்கு அதைத் தரமாட்டார்கள்.

1929-இல் குறுக்கெழுத்து இன்றைய தோற்றத்துக்கு வந்தது. நாலு வருஷம் கழித்து அதே லோகோ வானத்தில் ஏறியது. கம்பெனியின் தலைமை இடம் அதற்குள் ரைன் நதிக்கரையில் உள்ள லெவர்குசனுக்கு மாறியிருந்தது. 1933 பிப்ரவரியில், 126 மீட்டர் உயரமுள்ள இரண்டு புகைபோக்கிகளுக்கு நடுவே, 72 மீட்டர் விட்டத்தில், 2,200 பல்புகளால் லோகோவைத் தொங்கவிட்டு எரிய வைத்தார்கள். 1939-இல் போர் வந்தது. இரவில் குண்டு போட வருகிற விமானத்துக்கு இதைவிட நல்ல வழிகாட்டி வேண்டுமா? அணைத்தார்கள், பிறகு கழற்றியே விட்டார்கள். அந்தப் போர்க்காலத்தில் பேயர், ஐ.ஜி. ஃபார்பென் என்ற பெரிய கூட்டுக் கம்பெனிக்குள் இருந்தது. அந்தக் கூட்டுக் கம்பெனி வதைமுகாம் கைதிகளை அடிமைகளாக வேலை வாங்கியது. பெரிய வகுப்புக்குப் போனதும் வரலாற்றுப் புத்தகத்தில் இதைத் தேடிப் படியுங்கள்.

1958-இல் புதிய விளக்குச் சின்னம் எழுந்தது. இது 51 மீட்டர் விட்டம், 1,700-க்கும் மேற்பட்ட பல்புகள். 2009-இல் பல்புகள் போய் எல்இடி வந்தது. இன்றும் எரிகிறது.

தனித்தனிப் பல்பு எப்படி எழுத்தாகத் தெரிகிறது? நல்ல பார்வை உள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். அதற்கு ஒரு ஆர்க் நிமிஷம் என்று பெயர். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அது 29 சென்டிமீட்டர். அதைவிட நெருங்கி இருக்கிற இரண்டு பல்புகள் அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றாகிவிடும், புள்ளிகள் கோடாகும். விளக்குச் சின்னம் செய்கிறவர்கள் நம் கண்ணின் இந்தக் குறையை நம்பித்தான் பிழைக்கிறார்கள்.

இப்போது ஒரு கணக்கு. எந்தப் பொருளையும் அதன் விட்டத்தைப்போல 110 மடங்கு தூரத்தில் வைத்தால், அது பௌர்ணமி நிலா அளவுக்குத் தெரியும். லெவர்குசன் சின்னம் 51 மீட்டர். 110-ஆல் பெருக்கினால் 5,610 மீட்டர். ஐந்தரைக் கிலோமீட்டருக்குச் சற்றே அப்பால் நின்றால், கம்பெனி லோகோ நிலா அளவுக்கு எரிந்துகொண்டிருக்கும். மாத்திரைக்கும் இதே கணக்குதான்: 12 மில்லிமீட்டர் மாத்திரை 1.32 மீட்டர் தூரத்தில் நிலா அளவு.

அந்தத் தூரத்தில் எழுத்தைப் படிக்க முடியுமா? நிலாவின் அகலம் 31 ஆர்க் நிமிஷம். ஐந்து எழுத்துக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 6. இடைவெளியைக் கழித்தால் ஏறக்குறைய 5. கண் டாக்டர் அறையில் எழுத்துப் பலகை பார்த்திருப்பீர்களே, அதில் 6/6 வரியில் இருக்கிற எழுத்து நம் கண்ணுக்கு எவ்வளவு பெரிது தெரியுமா? சரியாக 5 ஆர்க் நிமிஷம்! ஆக, நிலா அளவில் தெரிகிற பேயர் லோகோ, நல்ல கண் படிக்கக்கூடிய எல்லைக்கோட்டில் நிற்கிறது. மாத்திரைக்கும் கோபுரத்துக்கும் 4,250 மடங்கு வித்தியாசம். கண்ணின் கணக்கு ஒன்றேதான்.

நடுவில் இந்த லோகோ கைமாறிய கூத்தும் உண்டு. முதல் உலகப் போரில் ஜெர்மனி அமெரிக்காவுக்கு எதிரி. அமெரிக்க அரசு அங்கிருந்த பேயரின் சொத்தைப் பறிமுதல் செய்து, 1918 டிசம்பரில் ஏலம் விட்டது. ஸ்டெர்லிங் என்ற கம்பெனி 53 லட்சம் டாலருக்கு எடுத்தது. தொழிற்சாலையோடு பெயரும் குறுக்கெழுத்தும் சேர்ந்தே போயின. அதன்பின் எழுபது வருஷத்துக்கும் மேலாக ஒரே முத்திரை, இரண்டு முதலாளிகள். ஜெர்மனியில் ஒருவர், அமெரிக்காவில் வேறொருவர். 1994-இல் ஜெர்மன் பேயர் 100 கோடி டாலர் கொடுத்து அந்த அமெரிக்க மருந்து வியாபாரத்தை வாங்கியபோதுதான் தன் முத்திரையை முழுசாக மீட்டது.

இப்போது அந்த லோகோ நீலமும் பச்சையுமாக இருக்கிறது. நிறம் மாற்றுவது சுலபம். திரைக்கும் அச்சுக்கும் வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம், அதில் பெரிய கதை இல்லை. ஆனால் திரை இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்தால், மேலே பெயருக்கு முன்னால் குட்டியாக ஒரு படம் வரும், பார்த்திருப்பீர்கள். அதன் பழைய அளவு 16-க்கு 16 புள்ளிகள். மொத்தம் 256 புள்ளிதான். ஐந்து எழுத்தை 16 புள்ளியில் அடக்கினால், ஓர் எழுத்துக்கு 3 புள்ளி. குறுக்கு வரியில் இருக்கும் எழுத்தையாவது உயரமாக இழுத்துச் சமாளிக்கலாம். மேலிருந்து கீழே இறங்கும் வரியில் உயரமும் 3 புள்ளிதான். மாத்திரையில் பிழைத்த லோகோ இங்கே திணறுகிறது.

கணக்கு நோட்டில் கட்டம் போட்ட தாளை எடுங்கள். 16-க்கு 16 கட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தை முழுசாகக் கறுப்பாக்கலாம், அல்லது வெள்ளையாக விடலாம், பாதி கூடாது. அதில் அந்த ஒன்பது எழுத்தையும் போட்டுப் பாருங்கள். ஏ-க்கும் ஆர்-க்கும் வித்தியாசம் காட்டுவதுதான் கஷ்டம், 3-க்கு 3 கட்டத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்து நிற்கும். வட்டத்துக்கு வேறு இடம் விட வேண்டும். ரப்பரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.